ராவணன் கோணத்தில் தொடர் எடுத்தால் அவனை நல்லவனாக்கத்தான் வேண்டுமா?

செங்கழனி (இழையைத் தொடங்கியவர்)

புராணத்தில் எதிரியாக வருபவனை நடுவில் நிறுத்தித் தொடர் எடுப்பது புதிதில்லை. 2006-ல் ஜீ டிவியில் ராவணன் பெயரிலேயே ஓர் இந்தித் தொடர் வந்தது. நரேந்திர ஜா ராவணனாக நடித்தார். அதற்கு முன்பே, 1987-ல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது அரவிந்த் திரிவேதியின் ராவணனுக்கென்று தனி ரசிகர்கள் இருந்தார்கள். ஆக, பார்க்க ஆள் இருக்கிறது. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

வில்லன் கோணம் என்று தொடங்கும் கதைகள் பலவும் சில வாரங்களிலேயே அவன் செய்த தப்பை எல்லாம் கழுவித் துடைத்துவிடுகின்றன. பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு, கடைசியில் நெற்றி நிறைய நீறு பூசிய ஒரு நல்லவனை நிறுத்துகிறார்கள். அப்படியானால் எதற்கு ராவணன்? நல்லவன் கதைக்கு வேறு ஆளா இல்லை?

நான் எழுதினால் இலங்கை பறிபோன இடத்தில் தொடங்குவேன். மாலியவான், சுமாலி, மாலி என்று மூன்று சகோதரர்கள். இலங்கை அவர்கள் வாழ்ந்த ஊர். திருமாலோடு நடந்த போரில் மாலி சாகிறான், மற்றவர்கள் பாதாளத்துக்கு ஓடுகிறார்கள். ஆளில்லாமல் கிடந்த இலங்கையில் குபேரன் குடியேறுகிறான். பல காலம் கழித்து, புஷ்பக விமானத்தில் போகும் குபேரனைச் சுமாலி பார்க்கிறான். தன் மகள் கைகசியை அந்தக் குபேரனின் தந்தை விச்ரவசிடமே அனுப்புகிறான். அப்படிப் பிறந்தவன் ராவணன். பிறப்பதற்கு முன்பே அவன் தலையில் ஒரு வேலை ஏற்றப்பட்டுவிட்டது.

அப்புறம் அந்தக் காட்சி. தகப்பனைப் பார்க்க வரும் குபேரனைக் கைகசி மகனுக்குக் காட்டி, "உன் அண்ணனைப் பார், உன்னையும் பார்" என்கிறாள். சின்னப் பையன். அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வானத்தில் நிற்கும் விமானத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். அவன் அம்மாவையே பார்க்கிறான். அங்கே கேமராவை வைத்தால் போதும், பின்னணி இசைகூட வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வரம் பெற்ற பிறகு சுமாலி வந்து இலங்கையைக் கேள் என்று தூண்டும்போது ராவணன் முதலில் மறுப்பதுதான். "குபேரன் எனக்கு மூத்தவன், குருவைப் போன்றவன், அப்படிப் பேசாதீர்கள்" என்கிறான். பிறகு தாய்மாமன் பிரகஸ்தன் பேசிப் பேசி மனத்தை மாற்றுகிறான். ஒரு மனிதன் சரியானதைச் சொல்லிவிட்டு, சில நாழிகையில் தப்பானதைச் செய்வதை இதைவிட நன்றாகக் காட்ட முடியுமா?

எந்தக் காட்சியை வைப்பீர்கள், எதை விடுவீர்கள், அவனை எவ்வளவு தூரம் மன்னிப்பீர்கள்? எழுதுங்கள்.

---

வசனகர்த்தா

நான் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் ஏன் கழுவித் துடைக்கிறார்கள் என்று புரியும்.

விளம்பரம் போக இருபது இருபத்திரண்டு நிமிடம் ஓடும் தினத் தொடரில், ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரு கொக்கி போட வேண்டும். நாளைக்கும் பார்க்க வைக்கிற ஒரு திருப்பம். அதோடு, நடுவில் இருப்பவன் மேல் மக்களுக்குப் பாசம் குறையவே கூடாது என்பது எழுதாத சட்டம். நான் வேலை செய்த ஒரு புராணத் தொடரில் நாயகன் கோபத்தில் ஒரு தூதனைக் கொல்வதாக எழுதிக் கொடுத்தேன். குபேரன் அனுப்பிய தூதனை ராவணன் கொல்வது போன்ற காட்சிதான். திரும்பி வந்தபோது அதில் தூதன் கத்தியை உருவிப் பாய்வதாகவும், நாயகன் தற்காப்புக்காக வெட்டுவதாகவும் மாறியிருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

நாயகன் தப்பு செய்யக்கூடாது என்று ஆகிவிட்டால் கதையில் தப்பு எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் யார் தலையிலாவது விடியும். ராவணன் கதையில் அது சூர்ப்பணகை. அவள் ஓதினாள், இவன் ஏமாந்தான். முடிந்தது வேலை.

---

நற்றிணை

வசனகர்த்தா சொன்னதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சூர்ப்பணகை தண்டகாரண்யத்தில் ஏன் இருக்கிறாள் என்று எந்தத் தொடராவது நிறுத்திக் கேட்டிருக்கிறதா? வால்மீகியின் உத்தர காண்டத்தில் பதில் இருக்கிறது. அவள் கணவன் வித்யுஜ்ஜிஹ்வன். காலகேயர்களோடு நடந்த போரில் அவனை வெட்டிச் சாய்த்தது ராவணனேதான். அவள் வந்து அண்ணன் காலில் விழுந்து, "உன் கையாலேயே என்னை விதவையாக்கினாயே" என்று அழுகிறாள். போர் வெறியில் யார் எவர் என்று தெரியவில்லை என்று சமாதானம் சொல்லி, உறவினனான கரனையும் பதினாலாயிரம் அரக்கரையும் கூட அனுப்பி அவளைக் காட்டுக்கு அனுப்பிவைக்கிறான்.

தங்கையின் மானத்துக்காகப் போருக்குப் போன அண்ணன் என்று மேடையில் உருகுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். கம்பன் புரட்டவில்லை. அவள் சீதையின் அழகைச் சொல்லி முடித்ததும் ராவணன் நிலையைச் சொல்கிறான்: கரனை மறந்தான், தங்கையின் மூக்கை அறுத்தவனின் வலிமையை மறந்தான், தனக்கு வந்த பழியை மறந்தான், பெற்ற வரத்தையும் மறந்தான், "கேட்ட மங்கையை மறந்திலாதான்". தங்கை ரத்தத்தோடு எதிரே நிற்கிறாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. இந்த ஒரு பாட்டை அப்படியே படமாக்கினால் ராவணன் கோணம் முழுதும் வந்துவிடும், அதே சமயம் அவனுக்கு வக்காலத்தும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. "சீதையை அவன் விரல் நுனியால்கூடத் தொடவில்லை, எவ்வளவு பெரிய கண்ணியவான்" என்பது. வால்மீகியில் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித்தான் போகிறான். மண்ணோடு பெயர்த்து எடுத்துப்போவது கம்பன் செய்த மாற்றம். அசோகவனத்தில் அவளைப் பலவந்தம் செய்யாததற்கும் காரணம் உண்டு: ரம்பையிடம் அவன் நடந்துகொண்டதற்காக, விரும்பாத பெண்ணைத் தொட்டால் உன் தலை சிதறும் என்று ரம்பையின் காதலன் நளகூபரன் சாபம் இட்டிருக்கிறான். உயிர்ப் பயத்தைக் கண்ணியம் என்று தொலைக்காட்சியில் காட்டினால் எனக்குச் சம்மதமில்லை. கடத்தி வந்து அடைத்துவைத்துவிட்டு "ஆனால் நான் உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் தெரியுமா" என்று வீணை வாசிப்பதை வாரக்கணக்கில் காதல் காட்சியாக ஓட்டுவார்கள். வீட்டில் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

---

ஈரோட்டுக்கண்ணாடி

நண்பர்களே, நல்ல விவாதம். ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது.

ராவணனுக்காக வாதாடுவது தொலைக்காட்சிக்காரன் கண்டுபிடித்த வியாபார உத்தி இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஓர் அரசியல் இருந்தது. புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் எழுதினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதில் ராவணன் தமிழ் மன்னன், மானம் உள்ளவன். 1948-ல் காங்கிரஸ் அரசு அந்த நூலைத் தடைசெய்தது, 1971-ல்தான் தடை நீங்கியது. ஒரு வில்லனின் கோணத்தைச் சொன்னதற்காக ஒரு புத்தகம் இருபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த மண் இது.

அண்ணாவின் நீதிதேவன் மயக்கம் நாடகத்தில் ராவணன் வழக்கே மறு விசாரணைக்கு வருகிறது. இரக்கமில்லாத அரக்கன் என்று கம்பன் சொன்னான் அல்லவா, அந்த இரக்கமின்மை என்னிடம் மட்டும்தான் இருந்ததா என்று ராவணன் கேட்கிறான். மற்றவர்கள் இரக்கம் காட்டாத இடங்களை எடுத்து வைக்கிறான். கேள்வி நியாயமானது.

தெற்கே இருப்பவன் கறுப்பு, அரக்கன், பத்துத் தலை, பச்சை மாமிசம் தின்கிறவன் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது "இவனும் கொஞ்சம் தப்பானவன்தான்" என்று நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. விடுதலை வாங்கித் தருவதுதான் வக்கீலின் வேலை. அவர்களைச் சீரியல்காரர்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

செங்கழனி

ஈரோட்டுக்கண்ணாடி ஐயா, நிச்சயமாக ஒரே தட்டில் வைக்கவில்லை. புலவர் குழந்தையும் அண்ணாவும் வழக்கை மறைக்கவில்லை. எதிர்த்தரப்புச் சொல்வதை முன்னால் வைத்துக்கொண்டு சபையில் நின்று வாதாடினார்கள். கேட்பவனுக்கு இது வாதம் என்று தெரியும், அவனும் எதிர்த்து வாதாடலாம். 1948-ல் தடை செய்தவர்களுக்குக்கூட அது என்ன சொல்கிறது என்று நன்றாகவே தெரிந்தது.

நான் குறை சொல்வது ரம்பையே கதையில் இல்லை, வித்யுஜ்ஜிஹ்வனே பிறக்கவில்லை என்று ஆக்கிவிடுகிறவர்களை. வழக்கே இல்லாமல் எப்படி விடுதலை?

---

திருமலைநேசன்

வணக்கம். நான் திருகோணமலை. எங்கட பக்கத்தில் ராவணன் வில்லன் என்று ஆரம்பித்தாலே ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

கோணேசர் கோயில் மலையில் பாறை மேலிருந்து கீழ்வரை பிளந்து கடல் தெரியும் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். தாய்க்காக அந்த மலையைப் பெயர்க்கப் போய் வாளால் வெட்டினான் என்பது கதை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாய் இறந்தபோது அவளுக்குக் கடன் கழிக்க அவன் உண்டாக்கியது என்று சொல்வார்கள். எங்கள் சனம் அங்கே போய், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யும். எங்களுக்கு அவன் முதலில் ஒரு தாயின் மகன். செங்கழனி எழுதிய அந்தக் கைகசி காட்சியைப் படித்தபோது எனக்கு உடனே கன்னியாதான் நினைவுக்கு வந்தது. குபேரனைக் காட்டிக் குத்திப்பேசிய தாய், அவள் சாவுக்கு நிலத்தைக் குத்தி நீர் எடுக்கும் மகன். இரண்டையும் ஒரே தொடரில் பார்க்க எனக்கு ஆசை.

அதோடு தேவாரம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு என்றாலே ராவணன் வந்துவிடுவான். கைலையைத் தூக்கினான், விரலால் நசுக்கப்பட்டான், அலறினான், பாடினான், வாளும் நாளும் பெற்றான். அடிபடுவதும் அருள் பெறுவதும் ஒரே பாட்டுக்குள். திருநீற்றுப் பதிகத்தில் "இராவணன் மேலது நீறு" என்றே சொல்லிவிடுகிறார். எல்லோராவில் கைலாசக் கோயிலில் கல்லில் செதுக்கியிருப்பதும் அதே காட்சிதான். அந்தப் பாட்டில் செய்த பிழைக்கு அந்தப் பாட்டிலேயே தண்டனை, அந்தப் பாட்டிலேயே மன்னிப்பு. சீரியல்காரர்கள் மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கவலையும் உண்டு. இலங்கையில் இப்போது ராவணனைத் தங்கள் பேரரசன் என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் சிங்களத் தரப்பிலும் பெருகிவிட்டார்கள். 2019-ல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு ராவணா 1 என்று பெயர் வைத்தார்கள். ஆளாளுக்கு ஒரு ராவணன் வைத்திருக்கும் காலத்தில், தப்பே செய்யாத ராவணனை எடுப்பது எல்லோருக்கும் வசதி. அதனால்தான் எனக்கு அது பயமாக இருக்கிறது.

---

கூத்தன்மகன்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். தொலைக்காட்சியில் வழி தெரியாமல் முழிக்கிற விஷயத்துக்குத் தெருக்கூத்தில் வழி இருக்கிறது. என் தகப்பனார் கூத்து கட்டியவர், துரியோதனன் வேடம்தான் அதிகம்.

பதினெட்டாம் போர் கூத்தில் மேடை துரியோதனனுடையது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் நுனியும், புஜக்கட்டையின் ஓரமும், திரைக்குக் கீழே ஆடும் சலங்கைக் காலும் மட்டும் தெரியும். திரையை இறக்கியதும் முழு ராஜாவாக வந்து சுற்றுவார். சனம் அண்ணாந்து பார்க்கும். அந்தக் கணத்தில் அவன் கோணம்தான், சந்தேகமே இல்லை.

உடனே பக்கத்தில் கட்டியக்காரன், கூத்தின் கோமாளி, வருவான். "யாரய்யா நீர்? எந்த ஊர் ராஜா?" என்று கேட்பான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த ராஜாவா என்று முகத்துக்கு நேரே கேட்பான். ராஜா உறுமுவார், கட்டியக்காரன் கால்மாடு தலைமாடாக விழுந்து எழுந்து மறுபடியும் கேட்பான். ராஜாவின் பெருமையும் குறையாது, அவன் செய்த காரியமும் மறையாது. இரண்டையும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் வைத்துவிடுகிறார்கள்.

விடிந்தால் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். தொடையில் அடி விழும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு முடிந்தது என்று போகமாட்டார்கள். காந்தாரியின் ஒப்பாரி இருக்கும், அழுகிற பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். ராத்திரி முழுக்க அவனைத் திட்டியவர்கள்தான். திரௌபதிக்கு நேர்ந்துகொண்டவர்கள்தான். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துப் போருவழியில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது, மலநடை என்பார்கள்.

ராவணன் தொடருக்கு ஒரு கட்டியக்காரனைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

---

வசனகர்த்தா

கூத்தன்மகன், அருமை. இதைப் படித்ததும் எனக்குப் பட்டது: அந்தக் கட்டியக்காரன் ஏற்கெனவே கதைக்குள் இருக்கிறான். கும்பகருணன்.

அவனைத் தூங்குமூஞ்சியாக, குடம் குடமாகக் குடிக்கிறவனாகக் காட்டியே பழக்கிவிட்டோம். கம்பனில் அவன் மந்திராலோசனையில் எழுந்து பேசுவதைப் பாருங்கள். பிறன் மனைவியைச் சிறை வைப்போம், குற்றமில்லாத புகழும் வேண்டுவோம், "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று அண்ணன் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறான். "நன்று நம் கொற்றம்" என்று முடிக்கிறான். நான் இத்தனை வருடமாக வசனம் எழுதுகிறேன், இதைப்போல ஒரு வரி எழுதியதில்லை.

அதே கும்பகருணன் போருக்குப் போகிறான். களத்தில் விபீடணன் வந்து ராமன் பக்கம் வந்துவிடு என்று கூப்பிடுகிறான். "நீர்க்கோல வாழ்வை நச்சி" அண்ணனை விட்டு வரமாட்டேன், நெடுநாள் வளர்த்துக் கடைசியில் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்கிறான். அண்ணன் செய்தது தப்பு என்று இவனுக்குத் தெரியும், நாமும் கேட்டோம், அண்ணனும் கேட்டான். ஆனாலும் போகிறான். இதைப் பார்க்கிறவன் அழாமல் இருக்க முடியாது. அதற்காக ராவணனை ஒரு துளிகூட வெளுக்க வேண்டியதில்லை.

ஆர்.எஸ்.மனோகரையும் இங்கே சொல்ல வேண்டும். சினிமாவில் வில்லனாக நடித்தவர், மேடையில் இலங்கேஸ்வரன், சூரபத்மன் என்று புராண வில்லன்களையே நாயகர்களாக்கினார். இலங்கேஸ்வரனில் சீதை ராவணனின் மகள். இது அவர் கற்பனை மட்டும் இல்லை, அற்புத ராமாயணத்திலும் சமணர் சொன்ன ஒரு பழைய கதையிலும் சீதை மண்டோதரி வயிற்றில் பிறந்தவள். தொடருக்கு இதை எடுத்துக்கொண்டால் என்ன? நற்றிணை பயப்படுகிற காதல் காட்சிகள் அடியோடு போய்விடும். மகள் என்று தெரிந்த தகப்பன், சொல்ல முடியாமல் தவிக்கிறான். தினத் தொடருக்கு இது பெரிய பலம்.

---

நற்றிணை

மனோகர் மேடையில் அது பிரமாதமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஒரு ராத்திரி நாடகத்துக்கு அது போதும். ஆனால் சீதை மகள் என்று ஆக்கிவிட்டால் அவளைத் தூக்கி வந்தது குற்றமே இல்லாமல் போகிறதே? தகப்பன் மகளைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தான் என்று ஆகிவிடும். கும்பகருணன் பேச்சுக்கு வேலை இல்லை. விபீடணன் பிரிந்துபோனதற்குக் காரணம் இல்லை. மண்டோதரிக்குப் பொறாமைகூட இல்லை. நீங்கள் இப்போது கொண்டாடிய அந்த இரண்டு காட்சிகளும் விழுந்துவிடும்.

எனக்கு வேண்டிய ராவணன் இந்த இடத்தில் இருக்கிறான். முதல் நாள் போரில் தோற்று, ராமன் "இன்று போய் நாளை வா" என்று விட்டதால் நடந்தே ஊருக்குள் வருகிறான். வாரணம் பொருத மார்பும் வரையை எடுத்த தோளும் களத்தில் போட்டுவிட்டு "வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்ற பாட்டு பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒன்று வருகிறது. வானம் சிரிக்குமே, மண் சிரிக்குமே, பகைவர் சிரிப்பார்களே என்றெல்லாம் அவன் வெட்கப்படவில்லையாம். "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்".

தான் சிறையில் அடைத்த ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பாளோ என்று உலகை வென்றவன் கூசிப்போகிறான். இதைக் கண்ணியம் என்றும் சொல்ல முடியாது, வெறும் காமம் என்றும் தள்ளிவிட முடியாது. நல்ல நடிகர் ஒருவருக்கு இந்த ஒரு காட்சி போதும். விளக்கேற்றிய வீதி, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், தலை குனிந்து நடக்கிறவன். வசனமே வேண்டாம்.

---

ஈரோட்டுக்கண்ணாடி

நற்றிணை, இந்தப் பாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன். கம்பன்மேல் எனக்கு உள்ள சண்டை தீரப்போவதில்லை, ஆனால் அவன் ராவணனைச் சின்னவனாக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இப்படி அவன் தப்பை எல்லாம் வெளிச்சத்தில் வைக்கும் தொடர், எதிர்ப்பக்கத்தின் தப்பையும் அதே வெளிச்சத்தில் வைக்குமா? மறைந்து நின்று வாலியைக் கொன்றது, சூர்ப்பணகையின் மூக்கை அறுத்தது, போர் முடிந்ததும் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னது. ராவணன் கோணம் என்றால் இலங்கை வீதியில் இவையெல்லாம் எப்படிப் பேசப்பட்டன என்று காட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டியக்காரன் வைத்தால் அது பழைய கதைதான், புதுச் சட்டை.

---

செங்கழனி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அரண்மனையில் உட்கார்ந்து ஒற்றர்கள் கொண்டுவரும் சேதி வழியாகவே கதை போகட்டும். வாலி இறந்த சேதி ராவணனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? வாலியின் வாலில் கட்டுண்டு கிடந்து, பிறகு அவனோடு நட்பு கொண்டவன் இவன். நண்பனை ஒளிந்து கொன்றவன் கடல் தாண்டி வருகிறான் என்று கேட்கும்போது ராமனைப் பற்றி அவன் என்ன நினைப்பான்? அது நம் நினைப்பாக இருக்க வேண்டியதில்லை. அவன் நினைப்பு நமக்குத் தெரிந்தால் போதும்.

முடிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்திரசித்து கடைசியாக வந்து, சீதை மேல் வைத்த ஆசையை விட்டுவிடுங்கள், பயத்தில் சொல்லவில்லை, உங்கள் மேல் உள்ள அன்பால் சொல்கிறேன் என்கிறான். ராவணன் மறுக்கிறான். நான் வெல்லாமல் போனாலும், வேதம் உள்ளவரை ராமன் பேர் நிற்குமானால் நானும் நிற்பேன் அல்லவா என்கிறான். "இன்று உளார் நாளை மாள்வர், புகழுக்கும் இறுதி உண்டோ?" அவனுக்குத் தோற்கப்போவது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் புகழுக்கு விலையாக எதிரே நிற்கும் மகன்தான் போகிறான். மறுபடி மகன் தலையில்லாத உடம்பாகக் கிடக்கும்போது, நீ எனக்குச் செய்ய வேண்டிய கடனை எல்லாம் நான் உனக்குச் செய்யும்படி ஆயிற்றே என்று அழுகிறான். கைகசிக்குக் கடன் கழிக்கக் கிணறு தோண்டியவன், திருமலைநேசன் சொன்ன மாதிரி.

தொடரின் உச்சம் எனக்கு அதுதான். ராமனோடு நடக்கும் கடைசிப் போரை வேகமாக முடித்துவிடலாம், அதை எல்லோரும் நிறையப் பார்த்தாயிற்று.

---

திருமலைநேசன்

இந்திரசித்தன் சாவிலிருந்து பின்னால் போய்க் கன்னியாவைக் காட்டலாம். மகன் உடலுக்கு முன்னால் இருக்கும்போது தாயின் சாவு நினைவு வரட்டும். எழுதுகிறவர் என்னோடு தொடர்புகொண்டால் கிரியைகள் எப்படி நடக்கும் என்று வயதானவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். தருப்பையும் எள்ளும் வைக்கிற ஒழுங்கு தப்பாக வந்தால் எங்கள் ஆட்களுக்கு உறுத்தும்.

---

கூத்தன்மகன்

மண்டோதரி புலம்பலை விட்டுவிடாதீர்கள். எள் இருக்கும் இடம் விடாமல் உடம்பெல்லாம் துளைத்த அம்பு, சீதை மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தடவித் தேடியதோ என்று கேட்கிறாள். கணவனுக்காக அழுகிறாள், அவன் எதனால் செத்தான் என்பதையும் அந்த அழுகையிலேயே சொல்லிவிடுகிறாள். படுகளத்தில் காந்தாரி செய்வதும் இதுதான். தொடரில் இதை யார் பேசுவார் என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு மற்ற நடிகர்களைத் தேடுங்கள். குரல் வேண்டும் அதற்கு.

---

நற்றிணை

மண்டோதரி கட்டாயம் வேண்டும். ஆனால் கடைசிக் காட்சி அவளுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

விபீடணன் அண்ணனுக்கு ஈமக்கடன் செய்யத் தயங்குகிறான். பகை சாவோடு முடிந்தது, போய்ச் செய் என்று ராமன் சொல்கிறான். இது வால்மீகியில் இருக்கிறது. சிதை எரிகிறது, பட்டாபிஷேகம் நடக்கிறது, எல்லோருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. சூர்ப்பணகை எங்கே? போர் முடிந்த பிறகு அவள் என்ன ஆனாள் என்று வால்மீகியும் சொல்லவில்லை, கம்பனும் சொல்லவில்லை. கணவனைக் கொன்றவனும் அவன்தான், அவளுக்காகப் போருக்குப் போனதாகப் பேர் வாங்கியவனும் அவன்தான். அவன் செத்த சேதி கேட்டு அவள் அழுதாளா, சும்மா இருந்தாளா? ராவணன் கோணத்தில் எடுக்கும் தொடர் அவன் கண்ணுக்குத் தெரியாமல் போன இவளிடம்தான் கடைசியில் போக வேண்டும். பழைய நூல்கள் விட்டுவைத்த இடம், அதில் எழுதலாம்.

---

வசனகர்த்தா

நற்றிணை, இது முதல் பகுதியையே மாற்றிவிடுகிறது. முடிவு அவளிடம் என்றால் வித்யுஜ்ஜிஹ்வன் சாவை நடுவில் எங்கோ ஒரு வாரத்தில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவள் கல்யாணத்திலிருந்தே அவளைப் பின்தொடர வேண்டும். சுமாலி, கைகசி, விமானம் எல்லாம் முதல் இரண்டு பகுதியில் வரட்டும், அந்த விமானத்தைப் பார்க்கும் பிள்ளைகளில் தங்கையும் ஒருத்தியாக நிற்கட்டும்.

முதல் ஐந்து பகுதிக்குக் காட்சி வரிசை எழுதிப் பார்க்கிறேன். ரம்பையை எந்தப் பகுதியில் கொண்டுவருவது, எவ்வளவு காட்டுவது என்பதில் எனக்கு நற்றிணையின் யோசனை வேண்டும். பலவந்தத்தைப் படமாக்காமலே அது நடந்தது என்று தெரிய வேண்டும், நளகூபரன் சாபம் இடும் காட்சி மட்டும் போதுமா? ஈரோட்டுக்கண்ணாடி ஐயா, வாலி சேதி வரும் அரண்மனைக் காட்சியை நீங்களே எழுதித் தாருங்கள். ராமனை எதிர்த்து ராவணன் பேசும் பேச்சு, குறைக்காமல், முழு வேகத்தில்.

---

ஈரோட்டுக்கண்ணாடி

எழுதுகிறேன். கும்பகருணன் அந்தச் சபையில் இருக்கட்டும். வாலிக்காக அண்ணன் நியாயம் பேசி முடித்ததும், குபேரன் தூதனை என்ன செய்தோம் என்று அவன் ஒரு கேள்வி கேட்கட்டும்.

---

நற்றிணை

சாபக் காட்சி மட்டும் போதாது. ரம்பை பேச வேண்டும். நளகூபரனிடம் நடந்ததைச் சொல்வது அவள்தான், உத்தர காண்டத்திலும் அப்படித்தான். கேமரா அவள் முகத்தில் இருக்கட்டும். ராவணன் அந்தக் காட்சியில் வரவே வேண்டாம். அடுத்த காட்சியில் அவன் சபையில் உட்கார்ந்து வேறு ஏதோ ராஜ்ய காரியம் பேசிக்கொண்டிருக்கட்டும், எதுவும் நடக்காதவன் மாதிரி. மூன்றாம் பகுதிக்குள் இது வந்துவிட வேண்டும், மக்கள் அவன்மேல் பாசம் வைத்துவிட்ட பிறகு தள்ளித் தள்ளிக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள்.